சத்தியம் பண்ணி விற்ற கமரா

மகள், நேற்று நீ போனை வைத்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. நான் கேட்டது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் உனக்குப் பேசியிருக்கிற மாப்பிள்ளையின் சாச்சா, அவருடைய வாப்பாவின் தம்பி, நம் வீட்டுக்கு ஒரு பழைய பிலிம் கமராவைக் கொண்டு வருகிறார். அதை நீ வாங்கப் போகிறாய். அவர் கண்ணுக்கு முன்னாலேயே பின்கதவைத் திறந்து, லென்சைக் கழற்றி, ஷட்டரை அடித்துப் பார்த்துவிட்டு வாங்கு என்றேன். அதற்கு நீ கொழும்பில் இருந்துகொண்டு என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஒருமுறை கண்ணால் படித்துப் பார். "உம்மாக்கு விசரா? கலியாணம் பேசி இன்னும் மூணு மாசம் ஆகல்ல. அவங்கட சாச்சா தாற சாமான அவருக்கு முன்னாலயே கிண்டிப் பாத்தா என்ன நினைப்பாரு? அவருதான் வல்லாஹி, ஒரு பிழையும் இல்ல எண்டு சத்தியம் பண்ணிட்டாரே." பிறகு, "நான் வேலைல நிக்கிறன், பிறகு கதைப்பம்" என்று சொல்லி வைத்துவிட்டாய்.

நீ பிறகு கதைக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன். உன்னைப் போலக் கமரா தேடித் திரிகிற உன் கூட்டாளிப் பிள்ளைகளுக்கும் இதைக் காட்டு. ஒளித்து வைக்க இதில் எதுவும் இல்லை. நான் இத்தனை வருடம் ஒளித்ததே போதும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பிலிம் கமராவால் கலியாண வீட்டுப் படம் எடுக்கப் போகிறேன் என்று நீ சொன்னபோது உன் வாப்பா சிரித்தார், நான் சிரிக்கவில்லை. ஏன் அதைச் செய்கிறாய் என்று எனக்கு விளங்கியது. நம் கலியாணங்களில் பெண்கள் பக்கத்தைப் பெண்தான் படம் எடுக்க வேண்டும். முகத்தைத் திறந்து, முந்தானையைத் தளர்த்தி, ஆண் கண் இல்லாத இடத்தில் சிரிக்கிற சிரிப்பு அது. அந்தச் சிரிப்பு இப்போது யார் யாருடைய போனில் எல்லாம் கிடக்கிறது என்று யாருக்குத் தெரியும்? கற்பிட்டிப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தியின் மருதாணி இரவுப் படம் ஊர் முழுக்கப் போனது உனக்குத் தெரியும். எடுத்தவளைத் திட்டவில்லை, அனுப்பியவனைத் திட்டவில்லை, "இவளுக்கு ஏன் இந்தப் பல்லிளிப்பு" என்று மணப்பெண்ணைத்தான் திட்டினார்கள். பிலிமில் எடுத்து, வீட்டுக் குளியலறையிலேயே கழுவி, நெகடிவை மணப்பெண்ணின் கையிலேயே கொடுத்துவிடப் போகிறேன், வேறு ஒரு பிரதி உலகத்தில் இருக்காது என்று நீ சொன்னாய். நல்ல யோசனை. ஆனால் அந்த யோசனைக்குள் இருக்கிற ஆபத்தையும் நீ பார்க்க வேண்டும். வேறு பிரதி இல்லை என்றால், அந்த ஒரு பிரதி பிழைத்தால் எல்லாம் பிழைத்தது. டிஜிட்டல் கமரா பிழை செய்தால் அந்த இடத்திலேயே தெரியும், இன்னொரு முறை எடுக்கலாம். பிலிம் கமரா பிழையை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு உன்னோடு சிரித்துக்கொண்டே நிற்கும். கலியாணம் முடிந்து, பந்தல் பிரித்து, மாப்பிள்ளை வீட்டார் போன பிறகுதான் சொல்லும்.

இந்தச் சாச்சாவைப் பற்றியும் எனக்குக் கொஞ்சம் தெரியும். ஆலங்குடாக் கடற்கரையில் பட்டம் கட்டிக் கடலில் சறுக்க வருகிற வெள்ளைக்காரர்கள் கழுத்தில் பழைய கமராவைத் தொங்கவிடத் தொடங்கிய பிறகுதான் அவருக்குக் கமரா மேல் ஆசை வந்தது. மூடிக் கிடந்த ஸ்டூடியோக்களில் போய், செத்துப்போன மனிதர்களின் மேசை லாச்சிகளைக் கிளறி, கைக்குக் கிடைத்ததை எல்லாம் அள்ளி வந்து, துடைத்துப் பளபளவென்று ஆக்கிக் கண்ணாடி அலுமாரியில் அடுக்கியிருக்கிறார். வெள்ளைக்காரன் அலங்காரத்துக்கு வாங்குகிறான், அது வேலை செய்தால் என்ன செய்யாவிட்டால் என்ன. உனக்கு அது வேலை செய்தே ஆக வேண்டும். அந்த வித்தியாசம் அவருக்குத் தெரியுமா என்பது எனக்குச் சந்தேகம். தெரிந்தும் பேசாமல் இருக்கிறார் என்றால் அது இன்னும் மோசம்.

இனி என் கதையைச் சொல்கிறேன். சண்டை முடிந்து அடுத்த வருடம். உனக்குப் பத்து வயது இருக்கும். மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு வந்து இருபது வருடம் ஆகியும் நம்மை இங்கே "அகதிச் சனம்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் நம் குடியிருப்புப் பெண்களுக்கு அடையாள அட்டைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். ஆண் போட்டோக்காரன் முன்னால் தலைத்துணியை விலக்கிக் காதைக் காட்டச் சொன்னால் அழுகிற பெண்கள் இருந்தார்கள். அவர்களுக்கு நான்தான் போட்டோக்காரி. என்னிடம் இருந்த கமரா அந்த வருடம் செத்துவிட்டது. டிஜிட்டல் வாங்க வசதி இல்லை. அடுத்த கிழமை ஹமீதா ராத்தாவின் மகள் றிஸ்வானாவுக்குக் கலியாணம். பெண்கள் பக்கம் நான் எடுப்பதாக வாக்குக் கொடுத்திருந்தேன். ஹமீதா ராத்தா நம் வரிசையில் மூன்றாவது வீடு, எனக்கு அக்கா மாதிரி. உனக்குச் சீனிப் பணியாரம் தருவாரே, அவர்தான்.

உன் வாப்பாவும் நானும் புத்தளம் டவுனில் ஒரு கடைக்குப் போனோம். அந்தக் கடை இப்போது இல்லை. கடைக்காரர் தாடி வைத்த, இனிமையாகப் பேசுகிற மனுசன். "பொம்புளைக்கு இவ்வளவு பாரமான கமரா தூக்க ஏலுமா?" என்று வாப்பாவிடம் கேட்டார், நான் அங்கே இல்லாதது மாதிரி. "அவக்கு என்னையே தூக்க ஏலும், நானா" என்றார் வாப்பா. இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வெட்கக்கேடு. கமராவைக் கையில் வாங்கினேன். நல்ல பாரம், நல்ல பளபளப்பு, அத்தர் வாசம் வேறு. பின்கதவின் பூட்டில் நகத்தை வைத்தேன். அப்போதுதான் அந்த மனுசன் கையை நெஞ்சில் வைத்து, "வல்லாஹி ராத்தா, ஒரு பிழையும் இல்ல. என்ட சொந்தத் தங்கச்சிக்குத் தாற மாதிரித் தாறன்" என்றார்.

வாப்பா என் முழங்கையைத் தொட்டார். அந்தத் தொடுகையின் அர்த்தம் எனக்குத் தெரியும். அல்லாஹ்வின் பேரைச் சொல்லிவிட்டார், இனியும் கிண்டினால் அவரைப் பொய்யன் என்று சொன்ன மாதிரி ஆகும். நான் நகத்தை எடுத்துவிட்டேன்.

எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் அடங்காத இடம் இதுதான். பொருளில் குறை இருந்தால் அதைச் சொல்லித்தான் விற்க வேண்டும் என்பது நம் மார்க்கம். இந்த மனிதர்கள் அதைத் தலைகீழாக்கி வைத்திருக்கிறார்கள். குறையைச் சொல்ல வேண்டிய வாயால் சத்தியம் பண்ணி, வாங்குகிறவரின் வாயை மூடுகிறார்கள். அல்லாஹ்வின் பேரைக் கமராக் கதவுக்குப் பூட்டாகப் போடுகிறார்கள். நாமும் அந்தப் பூட்டை மரியாதை என்று நினைத்துக்கொண்டு கும்பலாக நிற்கிறோம். சத்தியம் பண்ணியவனிடம் "சரி, இப்ப திறந்து காட்டுங்க" என்று கேட்பது எந்தக் கிதாபிலும் குற்றம் இல்லை. நம் ஊரில் மட்டும்தான் குற்றம். அதுவும் பெண் கேட்டால் இரட்டைக் குற்றம்.

வீட்டுக்கு வந்து அந்தக் கமராவைத் திறந்தேன். கதவு விளிம்பின் பள்ளத்தில் வெளிச்சம் புகாமல் இருக்கக் கறுப்புப் பஞ்சு ஒட்டியிருப்பார்கள். அது பழைய கமராக்களில் உருகித் தார் மாதிரி ஆகிவிடும். என் விரல் ஒட்டிக்கொண்டது. அந்தப் பஞ்சு போனால் வெளிச்சம் கசிந்து படத்தில் செம்மஞ்சள் கோடு விழும். அதை மாற்றலாம், அது பெரிய பிழை இல்லை, நானே கறுப்புக் கம்பளி நூல் வைத்து அடைத்தேன். அடைத்துவிட்டுப் பெருமையும் பட்டேன். பிழையைக் கண்டுபிடித்துவிட்டேன், இனிச் சுகம் என்று நினைத்தேன். ஒரு பிழையைக் கண்டவுடன் தேடுவதை நிறுத்துவது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று அப்போது எனக்குத் தெரியாது. அப்போது வாப்பா சாவகாசமாகச் சொல்கிறார்: "அந்த ஸ்குரூத் தலையெல்லாம் வெள்ளை பூத்துக் கிடந்திச்சு. கடையிலயே கண்டன்." உப்பளத்தில் வேலை செய்கிற மனுசன். உப்பு இரும்பை எப்படித் தின்னும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. "கண்டா ஏன் சொல்லல்ல?" என்று கத்தினேன். "அவரு சத்தியம் பண்ணிட்டாரே" என்றார். தலையில் அடித்துக்கொண்டேன். ஆனாலும் கமராவைத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. திருப்பிக் கொடுப்பதும் அவமரியாதைதானே.

ஆகவே ஸ்குரூக்களைப் பார். வெள்ளைப் பூப்பு இருந்தால் அது கடல் தண்ணீர் குடித்த கமரா. ஆலங்குடாவில் அலைக்குள் விழுந்ததை எடுத்து நல்ல தண்ணீரில் அலசி, வெயிலில் காயவைத்து விற்கிறார்கள் என்று நீயே சொல்லியிருக்கிறாய். ஸ்குரூத் தலையின் வெட்டு தேய்ந்து கிழிந்திருந்தால், யாரோ தெரியாத கை உள்ளே போயிருக்கிறது. லென்சின் வளையத்தைக் காதோரம் வைத்துத் திருப்பு. வெண்ணெயில் கத்தி போவது மாதிரிப் போக வேண்டும், நறநறவென்றால் மணலோ உப்போ. பற்றரி போடுகிற அறையின் மூடியைத் திற. பச்சையாகவோ வெள்ளையாகவோ படிந்திருந்தால் பழைய பற்றரி அங்கேயே அழுகியிருக்கிறது. முகர்ந்து பார். பூசண வாசம் வந்தால் ஒரு சந்தேகம். அத்தர் வாசம் வந்தால் இரண்டு சந்தேகம்.

லென்சைக் கழற்றி, பின்பக்கமிருந்து போன் வெளிச்சத்தை அடித்து முன்பக்கமாகப் பார். நம் கரையோரக் காற்றில், சொப்பிங் பேக்கில் சுற்றி அலுமாரிக்குள் வைத்த லென்சுக்குள் பூசணம் வேர் விடும். சிலந்தி நூல் மாதிரித் தெரியும். இரண்டொரு தூசி இருந்தால் பரவாயில்லை, அதைக் காட்டிப் பயமுறுத்துகிறவனையும் நம்பாதே. நூல் மாதிரிக் கிளை விட்டிருந்தால் வேண்டாம். லென்சுக்குள் சுருங்கி விரிகிற தகடுகள் எண்ணெய் படாமல், சட்டென்று அடிக்க வேண்டும். சோம்பலாக மூடினால் உன் படம் எல்லாம் வெளுத்துப் போகும். உள்ளே இருக்கிற வெளிச்சமானி செத்திருந்தால் கவலைப்படாதே. அந்தக் காலத்துப் பற்றரி இப்போது கிடைக்காது, உன் போனே அந்த வேலையைச் செய்யும். மூலை நசுங்கியிருந்தாலும் கவலைப்படாதே. நசுங்கிய கமரா வேலை செய்த கமரா. ஒரு கீறலும் இல்லாத கமராவைத்தான் நான் இப்போது பயத்தோடு பார்க்கிறேன்.

இதை எல்லாம் பார்த்துவிட்டு நிறுத்தினால் நீயும் என்னைப் போலத்தான். ஷட்டரைப் பார்க்காமல் எழும்பாதே. றிஸ்வானாவின் கலியாணத்தில் என்ன நடந்தது என்று சொன்னால் ஏன் என்று விளங்கும்.

கலியாணம் பகலில், பாடசாலை மண்டபத்தில். பெண்கள் பக்கம் துணி கட்டி மறைத்திருந்தார்கள், இருட்டு, எல்லாப் படமும் பிளாஷ் போட்டுத்தான். ஹமீதா ராத்தா அன்றைக்கு நீலச் சாரி. மகளின் கதிரைக்கு வலது பக்கம் போய் நின்றவர், பிறகு அசையவே இல்லை. மாப்பிள்ளையின் உம்மா வந்து, மாமிமார் வந்து, யார் வந்து படத்துக்கு நின்றாலும் அவரும் அதே இடத்தில். "ராத்தா, கொஞ்சம் அங்கால நில்லுங்களேன், எல்லாப் படத்திலயும் நீங்கதான்" என்றேன். "எடு புள்ள எடு. ஊருல விட்டுட்டு வந்த என்ட போட்டோ அல்பத்த இந்நேரம் ஆடு திண்டு முடிச்சிருக்கும். என்ட கலியாணத்துக்குப் பொறகு இதுதான் நான் ஆசையா எடுக்கிற மொதப் படம். வயிறு தெரியாம எடு" என்றார். பெண்கள் எல்லாம் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒரு முழு ரோல், முப்பத்தாறு படம் எடுத்தேன்.

டவுனில் இருந்த லாபில் கழுவிப் பிரின்ட் போடுகிறவர் சுனில். சிலாபத்துச் சிங்கள மனுசன், நல்ல தமிழ் பேசுவார், பெண்களின் படத்தைக் கவிழ்த்து வைத்துத்தான் உறையில் போடுவார். நான் போனபோது உறையைத் தரவில்லை, என்னை உள்ளே கூப்பிட்டார். "அக்கா, வந்து பாருங்க" என்று நெகடிவை விளக்குக்கு மேல் பிடித்தார். ஒவ்வொரு படத்திலும் ஒரே பக்கம், மூன்றில் ஒரு பங்கு, ஒன்றுமே பதியாமல் வெறுமையாக இருந்தது. பிரின்டில் அந்த இடம் கறுப்பு. "கழுவின பிழை இல்ல அக்கா. கரையில கொம்பனிக்காரன் போட்ட நம்பர் எல்லாம் வடிவா வந்திருக்கு, பாருங்க. கழுவினது பிழைச்சா அதுவும் பிழைக்கும். உங்கட கமரா ஷட்டர்தான். பிளாஷ் அடிக்கிற நேரம் ஒரு திரை பாதியில நிக்குது."

வலது பக்கம் கறுப்பு. முப்பத்தாறிலும். ஹமீதா ராத்தா எந்தப் படத்திலும் இல்லை. ஒரே ஒரு படத்தில் மட்டும் மகளின் தோள் மேல் வைத்த அவருடைய கை இருந்தது. இருட்டுக்குள் இருந்து வந்த ஒரு கை, நாலு விரல், ஒரு மோதிரம்.

மகள், அதன் பிறகு நான் செய்ததை வாப்பாவுக்குக்கூட முழுதாகச் சொன்னதில்லை. குடியிருப்புக்கு வந்து, "லாபுல கெடுத்துட்டாங்க ராத்தா" என்று சொன்னேன். ஒரே வசனம். கமரா பார்க்கத் தெரியாமல் வாங்கினேன் என்று சொன்னால் அடுத்த கலியாணத்துக்கு யார் என்னைக் கூப்பிடுவார்கள்? பெண்ணுக்கு ஏன் இந்த வேலை என்று ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு நானே வாயில் அவல் அள்ளிப் போட்ட மாதிரி ஆகாதா? அப்படி எல்லாம் எனக்கு நானே நியாயம் சொன்னேன். றிஸ்வானாவின் காக்காமார், அவளுடைய அண்ணன்மார் இரண்டு பேரும் லாபுக்குப் போய்க் கத்தினார்கள். "சிங்களவன் வேணுமெண்டு செஞ்ச வேலை" என்று ஊருக்குள் கதை வந்தது. அந்தக் கதை என் காதுக்கு வந்த அன்று நான் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. ஒரு மாதத்துக்குள் லாப் முதலாளி சுனிலை நிறுத்திவிட்டார். துரத்தப்படுவது எப்படி இருக்கும் என்று இருபது வருடமாகச் சொல்லிச் சொல்லி அழுத நான், ஒரு மனுசனைத் துரத்த வைத்தேன்.

அடுத்த வருடம் ஹமீதா ராத்தா மன்னாரில் காடாகிக் கிடந்த காணியைத் துப்புரவாக்கப் போனார். போன இடத்தில் காய்ச்சல். அங்கேயே மவுத்தானார், அங்கேயே அடக்கினார்கள். றிஸ்வானா வயிற்றில் பிள்ளையோடு என்னிடம் வந்தாள். "ராத்தா, உங்களுக்கிட்ட உம்மாட படம் வேற ஏதும் இருக்கா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அடையாள அட்டைப் படம் இருக்குமே என்று நீ கேட்கலாம். அடையாள அட்டைப் படத்தில் எந்த உம்மா உம்மா மாதிரி இருக்கிறாள்?

இப்போது ஷட்டரைச் சொல்கிறேன், கவனமாகக் கேள். கமராவுக்குள் இரண்டு துணித் திரை இருக்கிறது. முதல் திரை ஓடித் திறக்கும், இரண்டாவது திரை ஓடி மூடும். லென்சைக் கழற்று, பின்கதவைத் திற. ஷட்டரை இழுத்து வைத்துவிட்டு அந்தத் துணியை டோர்ச் வெளிச்சத்துக்கு எதிரே பிடி. ஊசித் துளை மாதிரி வெளிச்சம் தெரிந்தால் யாரோ லென்சைச் சூரியனுக்கு நேரே வைத்துத் துணியைச் சுட்டிருக்கிறார்கள். வள்ளத்தில் கொண்டுபோன கமராக்களில் இது அதிகம். பிறகு ஒரு செக்கன் வேகத்தில் வைத்து அடி, வாயால் எண்ணு. பாதியில் நின்றாலோ இழுபட்டாலோ உள்ளே எண்ணெய் காய்ந்திருக்கிறது. கடைசியாக, நீ படம் எடுக்கப் போகும்போது எடுத்துப் போவாயே அந்த பிளாஷ், அதை மேலே பொருத்து. கமராவை வெள்ளைச் சுவருக்கு எதிரே பிடித்து, பிளாஷுக்கென்று குறித்திருக்கிற வேகத்தில் வைத்து, பின்னால் இருந்து, பிலிம் நிற்கிற அந்தச் சதுர வாசலைப் பார்த்துக்கொண்டே அடி. பிளாஷ் அடிக்கிற அந்த நொடியில் வாசல் முழுக்க வெளிச்சமாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் கறுப்புப் பட்டை தெரிந்தால் கமராவை மேசையில் வைத்துவிடு. பத்துத் தரம் அடித்துப் பார், ஒரு தரம் தெரிந்தாலும் வேண்டாம். நான் அன்று கடையில் செய்யாமல் விட்டது இதுதான். ஒரு நிமிடம் போதும். அதெல்லாம் சரியாக இருந்தாலும் ஒரு ரோல் போட்டுக் கழுவிப் பார்க்காமல் யாருடைய கலியாணத்துக்கும் அந்தக் கமராவைத் தூக்கிக்கொண்டு போகாதே. அதையும் நான் செய்யவில்லை.

நேற்று நீ போனை வைத்த பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. இன்று காலை பஸ் ஏறிக் கனமூலைக்குப் போனேன். றிஸ்வானா அங்கேதான் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள், மூன்று பிள்ளைகள். தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். குடிக்காமல் சொன்னேன். கமராவின் பிழை, என் பொய், சுனில், எல்லாவற்றையும். அவள் முகம் மாறவில்லை.

"தெரியும் ராத்தா" என்றாள்.

"எப்படித் தெரியும்?"

"அந்த நேரமே தெரியும். சுனில் அண்ணன் நெகடிவக் கொண்டுவந்து என்ட மாப்பிள்ளைக்குக் காட்டி விளங்கப்படுத்தினவரு."

"அப்ப ஏன் புள்ள என்னக் கேக்கல்ல? உங்கட காக்காமார் அந்த மனுசன ஏசினாங்களே, அவங்களுக்குமா சொல்லல்ல?"

"கேட்டா உங்களுக்கு வெட்கமாப் போகுமே ராத்தா. உம்மாட கூட்டாளி. என்ன மாதிரிக் கேக்கிற?"

நான் அந்தக் கதிரையிலேயே இருந்தேன். கோபம் வந்தது. யார் மேல் கோபம் என்று எனக்கே தெரியவில்லை. கடைக்காரர் வெட்கப்படக்கூடாது என்று நான் கமராவைத் திறக்கவில்லை. கடைக்காரர் வெட்கப்படக்கூடாது என்று வாப்பா கண்ட உப்பைச் சொல்லவில்லை. நான் வெட்கப்படக்கூடாது என்று றிஸ்வானா கேட்கவில்லை. ஆளுக்காள் வெட்கத்தைக் காப்பாற்றினோம். வேலையை இழந்தவர் சுனில். படம் இல்லாமல் மண்ணுக்குள் போனவர் ஹமீதா ராத்தா. யார் தலையில் கல் விழுந்தாலும் பரவாயில்லை, முகத்துக்கு முன்னால் ஒரு வார்த்தை மட்டும் கேட்கக்கூடாது என்கிற இதை நாம் மரியாதை என்கிறோம். இதற்குப் பேர் கோழைத்தனம். இதை உனக்குப் பழக்கியதும் நான்தான். சின்ன வயதில் கடையில் நீ "இது பழுதாப் போன பழம்" என்று சத்தமாகச் சொன்னபோது உன் கையைக் கிள்ளியவள் நான்.

சுனில் இப்போது சிலாபத்தில் முச்சக்கர வண்டி ஓட்டுகிறாராம், றிஸ்வானாவின் மாப்பிள்ளை இடத்தைச் சொன்னார். நாளை போகிறேன். மன்னிப்புக் கேட்பதால் அவருக்கு எதுவும் திரும்பக் கிடைக்காது என்று தெரியும். அவர் என்னைத் திட்டினால் நின்று கேட்பேன். பிறகு றிஸ்வானாவின் காக்காமார் இரண்டு பேரிடமும் என் வாயாலேயே சொல்வேன்.

வெள்ளிக்கிழமை நான் உள் அறையில் நிற்க மாட்டேன், மேசைக்குப் பக்கத்தில்தான் இருப்பேன். பிரியாணி கொடுப்போம், தேத்தண்ணி கொடுப்போம், மாப்பிள்ளையின் சாச்சாவுக்குக் கொடுக்க வேண்டிய மதிப்பு எல்லாம் கொடுப்போம். கமராவை மேசையில் வைத்ததும் நீ திற. அவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். நல்ல மனுசன் என்றால், "பாரு மகள், நல்லாப் பாரு" என்று அவரே டோர்ச்சைப் பிடிப்பார். அவர் கோபித்துப் போய், இப்படிப்பட்ட வாய்க்காரி வீட்டில் சம்பந்தம் வேண்டாம் என்று அவர்கள் சொன்னால், கமராவைத் திறந்ததற்காக உடைகிற கலியாணம் இப்போதே உடையட்டும். வாப்பாவிடம் இதைச் சொல்லிவிட்டேன். அவர், "இந்த முறை நான் கையத் தொட மாட்டன்" என்றார்.

உன் கலியாணத்தை நினைத்து நான் பயப்படவில்லை, மகள். உன் கமராவுக்கு முன்னால் முதன்முதலாக உட்காரப் போகிற அந்தப் பிள்ளையை நினைத்துத்தான் பயப்படுகிறேன். அவளுடைய உம்மா எந்தப் பக்கம் வந்து நிற்பாள் என்று நமக்குத் தெரியாது.